ஹாலோகிராம் பிலிமைக் கண்ணாடிக்குள் வைத்து லேமினேட் செய்வது: நிறம் எங்கே போகிறது?

கேள்வி: சிறிய லேமினேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஈவா (இரண்டு கண்ணாடியை ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட்) உருக்கும் அடுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு ஷோரூம் வேலைக்காக, வானவில் போல் நிறம் அடிக்கும் ஹாலோகிராபிக் பிலிமை இரண்டு 5 மி.மீ. கண்ணாடிக்கு நடுவே வைத்து ஒட்டினேன். அடுப்பிலிருந்து எடுத்துப் பார்த்தால் சாதாரணக் கண்ணாடி மாதிரி நிற்கிறது. நிறமே இல்லை. பிலிம் வெப்பத்தில் எரிந்துவிட்டதா? கார் முன்கண்ணாடிக்குள்ளேயே ஹாலோகிராம் வைக்கிறார்கள் என்கிறார்களே, அவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

பதில்:

பிலிம் எரியவில்லை. அப்படியே உள்ளேதான் இருக்கிறது. உருகிய ஈவா அதன் பள்ளங்களை நிரப்பிவிட்டது, அவ்வளவுதான்.

கடையில் ரோலாகக் கிடைக்கும் ஹாலோகிராபிக் பிலிம் பெரும்பாலும் பரிசுப்பொருள் சுற்றவும் அட்டைப்பெட்டி மேல் ஒட்டவும் வருகிற சரக்கு. அதன் ஒரு பக்கத்தில், மில்லிமீட்டருக்கு ஆயிரம் என்ற கணக்கில் வரப்பும் பள்ளமுமாக நுண்ணிய வரிகளை அச்சு வைத்து அழுத்தியிருப்பார்கள். ஒளி அந்த வரப்புகளில் பட்டுச் சிதறும்போது நிறம் பிரிகிறது. பிரிய வேண்டுமானால் வரப்புக்கும் பள்ளத்துக்கும் ஒளி வேறுபாடு காண வேண்டும். பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, பள்ளத்தில் நிற்கும் காற்றுக்கு 1. வித்தியாசம் பெரிது, நிறம் பளீரென்று வருகிறது. அந்தப் பள்ளத்துக்குள் 1.48 உள்ள ஈவா ஓடி நிரம்பினால்? ஒளிக்கு வரப்பு எது, பள்ளம் எது என்றே தெரியாது. நேராகப் போய்விடும்.

இதை நம்ப அடுப்பு தேவையில்லை. பாத்ரூம் ஜன்னலுக்குப் போடும் சொரசொரப்புக் கண்ணாடித் துண்டு ஒன்றில் சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள், பட்ட இடம் தெளிவாகிவிடும். அதே எண்ணெயை அடுத்த முறை பிலிம் வாங்கும்போதும் பயன்படுத்துங்கள். சாம்பிள் துண்டின் இரண்டு பக்கத்திலும் ஒரு சொட்டு விடுங்கள். எந்தப் பக்கத்தில் நிறம் மறைகிறதோ அங்கே பள்ளம் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிலிம் கண்ணாடிக்குள் போனால் செத்தது. இரண்டு பக்கத்திலும் நிறம் நின்றால், பள்ளத்துக்கு மேல் ஏதோ பூச்சு இருக்கிறது, அல்லது நிறம் வரும் விதமே வேறு. இந்த ஒரு சொட்டு எண்ணெய்ச் சோதனை சப்ளையர் தரும் டேட்டா ஷீட்டை விட எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

பூச்சு என்றேன். வழக்கமானது அலுமினியம். அது போட்டால் நிறம் நிற்கும், ஆனால் கண்ணாடி வழியே பார்க்க முடியாது. ஒளி ஊடுருவவும் வேண்டும், நிறமும் வேண்டும் என்றால் துத்தநாக சல்பைடு போன்ற, ஒளிவிலகல் எண் 2.3 அளவுள்ள பூச்சு வேண்டும். அடையாள அட்டைகளின் மேல் எழுத்து தெரியும்படி மின்னுகிறதே, அந்த ஹாலோகிராம்களில் இருப்பது இந்த வகைதான். நிறம் அலுமினியம் அளவுக்குத் தூக்கலாக இருக்காது.

பிலிமின் அடிப்பொருளையும் கேளுங்கள். பொட்டலப் பிலிமில் பாதி பிபி (பாலிப்ரொப்பிலீன்) வகை, 120–130 டிகிரியில் சுருங்கி அலை அலையாக நிற்கும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) பிலிம் பரவாயில்லை. ஆனால் வரியை எந்தப் பூச்சின் மேல் அழுத்தியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். வெப்பத்தில் இளகும் பூச்சு என்றால், அழுத்திய வரப்பு அதே வெப்பத்தில் மறுபடி தளர்ந்து படுத்துவிடும். புற ஊதா ஒளியில் கெட்டிப்படுத்திய பூச்சு தாங்கும்.

சரி, கட்டட வேலைக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. சந்தையில் பலர் ஹாலோகிராபிக் என்று சொல்லி விற்பதில் டைக்ரோயிக் பிலிமும் கலந்திருக்கிறது. ஒரு கோணத்தில் நீலமாகவும் இன்னொரு கோணத்தில் பொன்னிறமாகவும் மாறும் பிலிம். அதில் வரப்பும் இல்லை, பள்ளமும் இல்லை. நூற்றுக்கணக்கான மெல்லிய பாலிமர் அடுக்குகள் உள்ளுக்குள் இருக்கின்றன. ஈவா வெளியே ஓடினால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வாடிக்கையாளர் கேட்பது வெறும் வண்ண மாயம்தான் என்றால் இதோடு வேலை முடிந்தது.

இனி கார் கண்ணாடி. வேகம், வழி போன்றவற்றை ஓட்டுநரின் கண்முன் கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்-அப் திரைக்காகத்தான் அங்கே ஹாலோகிராம் வைக்கிறார்கள். அது முற்றிலும் வேறு சாதி ஹாலோகிராம், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அதில் வரி மேற்பரப்பில் இல்லை, பிலிமின் தடிமனுக்குள் அடுக்கடுக்காக இருக்கிறது. மயில் தோகையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சையும் நீலமும் சாயம் பூசி வந்தவை அல்ல. இழைக்குள் மெலனின் குச்சிகள் ஒரே சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், அந்த இடைவெளிக்குப் பொருந்தும் நிறம் மட்டும் வலுத்துத் திரும்பி வருகிறது. பருமன் ஹாலோகிராமும் அப்படித்தான். கேப்ரியல் லிப்மான் இந்தத் தத்துவத்தில் வண்ணப்படம் எடுத்து 1908-இல் நோபல் வாங்கினார். டென்னிஸ் கேபர் 1947-இல் ஹாலோகிராமைக் கண்டுபிடித்தார். இரண்டையும் இணைத்து, எதிரெதிரே வரும் இரண்டு ஒளிக்கற்றைகளால் பிலிமுக்குள் அடுக்குகளைப் பதிக்கும் முறையை 1962-இல் யூரி டெனிஸ்யுக் காட்டினார். கார்க் கண்ணாடிக்குள் வைக்கும் ஹாலோகிராம் அந்த வம்சம்.

கணக்கைப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். 532 நானோமீட்டர் பச்சை ஒளியை நேராகத் திருப்பி அனுப்பும் அடுக்குகளின் இடைவெளி, அலைநீளத்தை ஒளிவிலகல் எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. அதாவது 532-ஐ 3-ஆல் வகுக்க, சுமார் 177 நானோமீட்டர். பிலிமின் செயல்படும் படலம் 15 மைக்ரான் என்று வைத்தால் அதற்குள் 85 அடுக்குகள். இந்த ஹாலோகிராம் ஏறக்குறைய 10 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு சின்ன நிறப்பட்டையை மட்டும் பிடித்துத் திருப்பும், மற்ற எல்லா ஒளியையும் விட்டுவிடும். கண்ணாடி தெளிவாகத் தெரிவதன் ரகசியம் அதுதான். ஆனால் அந்தப் படலம் 2 சதவீதம் உப்பினால் நிறம் 10 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். 2 சதவீதம் என்பது வெறும் 0.3 மைக்ரான். அவ்வளவு உப்பினாலே புரொஜெக்டரின் பச்சை ஒரு பக்கமும் ஹாலோகிராமின் பச்சை இன்னொரு பக்கமும் நிற்கும், திரை மங்கிப்போகும்.

இப்போது அந்தப் பிலிமை நாம் எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்புக்குள்: 140 டிகிரி வெப்பம், 12 பார் அழுத்தம், இரு பக்கமும் கார்க் கண்ணாடியை ஒட்டும் பிவிபி பிளாஸ்டிக் ஷீட்.

வெப்பமும் அழுத்தமும்தான் எதிரி என்று முதலில் நானும் நினைத்தேன். நல்ல போட்டோபாலிமர் (ஒளி பட்டால் கெட்டிப்படும் பிளாஸ்டிக்) பிலிம், சரியாகப் பதித்து முழுமையாகக் கெட்டிப்படுத்தியிருந்தால், அவற்றை ஓரளவு தாங்கிக்கொள்ளும். உண்மையான தொல்லை பிவிபிக்குள் இருக்கும் பிளாஸ்டிசைசர். பிவிபி தனியாக ஒரு கடினமான பிசின். அதில் கால் பங்குக்கு மேல் எண்ணெய் போன்ற திரவத்தைக் கலந்துதான் அதை அந்த ரப்பர் மாதிரி வளையும் ஷீட்டாக்குகிறார்கள். சூடானதும் அந்தத் திரவம் பக்கத்தில் எது கிடைத்தாலும் ஊடுருவப் பார்க்கும். போட்டோபாலிமர் படலம் அதை ஊறுகாய் மாங்காய் உப்பை இழுப்பதுபோல் இழுத்து வீங்கும், அடுக்கு இடைவெளி விரியும். இன்னும் மோசமானால் அடுக்குகளுக்கு இடையே உள்ள ஒளிவிலகல் வித்தியாசமே கரைந்துபோகும். அந்த வித்தியாசம் 0.03 போலத்தான் இருக்கும், கரைய எவ்வளவு நேரமாகும்?

ஒரு தடவை நடந்ததைச் சொல்கிறேன். சோதனைத் துண்டு ஒன்று ஆட்டோகிளேவிலிருந்து வந்தது. நடுவில் அச்சு அசலான பச்சை. இரண்டு பக்கமும் பெட் தடுப்பு வைத்திருந்ததால் எல்லாம் நலம் என்று மகிழ்ச்சி. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் பிலிமின் நான்கு ஓரத்திலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு மஞ்சள் கரை, வேட்டிக்கு ஜரிகை வைத்ததுபோல். மேலும் கீழும் தடுப்பு போட்ட நாங்கள், வெட்டிய ஓரத்தை மறந்துவிட்டோம். பிளாஸ்டிசைசர் பக்கவாட்டில் நுழைந்திருந்தது. 90 டிகிரி அடுப்பில் சில வாரம் வைத்தபோது அந்தக் கரை இன்னும் உள்ளே நகர்ந்தது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டுக்கு அருகில் போகும் என்பதால் இது வெறும் தொழிற்சாலைப் பிரச்சினை அல்ல, வண்டி ஓடும் காலம் முழுக்கத் தொடரும்.

இதற்கு வழிகள் உண்டு. போட்டோபாலிமர் படலத்தை பெட் அல்லது டிஏசி போன்ற பிலிமால் மூடுவது ஒன்று. ஓரத்தையும் பூச்சால் அடைப்பது, அல்லது கெட்டுப்போகும் ஓரத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக் கண்ணாடி விளிம்பில் இருக்கும் கறுப்பு பிரிட் பட்டைக்குப் பின்னால் ஒளித்துவிடுவது இன்னொன்று. பிவிபிக்குப் பதிலாக பிளாஸ்டிசைசர் இல்லாத ஈவாவோ டிபியுவோ பயன்படுத்துவதும் உண்டு. எனக்குப் பிடித்த வழி வேறு: நகர்வை ஒழிக்க முடியாவிட்டால், அது ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நடக்கும்படி செய்துவிடுவது. எப்போதும் 6 நானோமீட்டர் நகரும் என்று தெரிந்தால், பதிக்கும்போதே கோணத்தைக் கொஞ்சம் மாற்றி 6 குறைவாகப் பதித்துவிடலாம். லேமினேஷன் முடிந்ததும் சரியான நிறத்தில் வந்து உட்காரும். ஆனால் அதற்கு ஆட்டோகிளேவ் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். கதவுப் பக்கத்துக் கண்ணாடிக்கும் உள்பக்கத்துக் கண்ணாடிக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் என்பதெல்லாம் சாதாரண லேமினேஷனில் யாரும் கவலைப்படாத விஷயம். இங்கே அது நிறத்தில் தெரியும்.

ஹாலோகிராமுக்கும் கண்ணாடிக்கும் தொடர்பு புதிதல்ல. எண்பதுகளில் போர்விமானங்களின் ஹெட்-அப் திரைகளுக்கு டைக்ரோமேட் கலந்த ஜெலட்டினில் ஹாலோகிராம் பதித்தார்கள். ஜெலட்டினுக்கு ஈரம் ஆகாது, காற்றின் ஈரம் பட்டாலே உப்பிவிடும். அதனால் அதை இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைத்து ஓரத்தை மூடினார்கள். அங்கே கண்ணாடி ஹாலோகிராமைக் காத்தது. இப்போது நாம் கண்ணாடியை ஒட்டும் பொருளிடமிருந்தே அதைக் காக்க வேண்டியிருக்கிறது.

இன்று பெரும்பாலும் போட்டோபாலிமர்தான். கோவெஸ்ட்ரோவின் பேஃபால் எச்எக்ஸ் இந்த வகையில் பெயர் பெற்ற பிலிம். இதில் பதித்தபின் ரசாயனத்தில் கழுவும் வேலை கிடையாது. லேசர் பட்ட வரிகளில் மோனோமர் (ஒன்றோடொன்று இணைந்து பிளாஸ்டிக்காகும் சிறு மூலக்கூறு) கெட்டிப்படும், இருட்டு வரிகளில் உள்ள மோனோமர் அந்தப் பக்கம் நகர்ந்து சேரும். இந்த நகர்வில்தான் ஒளிவிலகல் வித்தியாசம் உருவாகிறது. பிறகு முழுப் பிலிமையும் புற ஊதா ஒளியில் காட்டினால் மிச்சமெல்லாம் கெட்டிப்பட்டு, பிலிமின் சாய நிறமும் வெளுத்துத் தெளிவாகிவிடும். பெரிய அளவில் செய்யும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிப்பதில்லை. மாஸ்டர் ஹாலோகிராம் ஒன்றின் மேல் பிலிமை ஒட்டி, லேசர் கோட்டை மேலே ஓட்டி நகலெடுக்கிறார்கள். அந்த நேரத்தில் பிலிம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் வரி கலங்கிவிடும். அதாவது ஐம்பது நானோமீட்டர் அசைவு.

பிலிம் கைக்கு வந்தபின் நம் வேலை. கண்ணாடி கழுவும் தண்ணீர் தாது நீக்கியதாக இருக்கட்டும். பிவிபி அறை 18–20 டிகிரியில், ஈரப்பதம் 25–30 சதவீதத்தில் இருக்க வேண்டும். பிவிபிக்குள் ஈரம் 0.4–0.5 சதவீதம் என்பது வழக்கம். அதைவிடக் கூடினால் கண்ணாடியோடு ஒட்டும் பலம் குறையும், குமிழும் வரும். கண்ணாடி, 0.38 மி.மீ. பிவிபி, ஹாலோகிராம், மறுபடி 0.38 மி.மீ. பிவிபி, கண்ணாடி என்று அடுக்குவோம். பிவிபி ஷீட்டைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். காற்று வெளியேறத்தான் அந்தச் சொரசொரப்பு. பெட் அப்படி இல்லை, வழுவழுவென்று இருக்கும். மின்பொறியால் மேற்பரப்பைப் பதப்படுத்தும் பிளாஸ்மா அல்லது கரோனா சிகிச்சை கொடுக்காத பெட், பிவிபியோடு ஒழுங்காக ஒட்டாது. வெளியே பார்க்க அழகாக இருக்கும், அடித்தால் தோல் உரிந்ததுபோல் அந்த இடத்தில் பிரிந்து வரும்.

ரோலர் வழியே அனுப்பிக் காற்றை வெளியேற்றும் முறை, நடுவில் பிலிம் துண்டு இருக்கும் கண்ணாடிக்கு எனக்கு ஒத்துவரவில்லை. பிலிமின் ஓரத்தில் இருக்கும் படியில் காற்று மாட்டிக்கொள்ளும். வேக்குவம் பேக்தான் சரி. அதிலும் முதல் இருபது, முப்பது நிமிடம் சூடு போடாமல் குளிர்ந்த நிலையிலேயே காற்றை இழுக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் ஓரம் முதலில் ஒட்டி வழியை அடைத்துவிடும், உள்ளே இருக்கும் காற்று அங்கேயே குடியிருக்கும். பிறகு 90–100 டிகிரி, அப்புறம் ஆட்டோகிளேவ். வீட்டுக் குக்கரில் வளிமண்டலத்துக்கு மேல் ஒரு பார் அழுத்தம்தான் இருக்கும். இங்கே அதைப் போல் பன்னிரண்டு மடங்கு. மிச்சம் மீதிக் காற்றெல்லாம் பிவிபிக்குள் கரைந்துபோகும். இறக்கும்போது 50 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே அழுத்தத்தை விட வேண்டும். முன்னமே விட்டால் கரைந்த காற்று திரும்பிக் குமிழாக வந்து நிற்கும், விசில் அடங்காத குக்கரைத் திறந்ததுபோல். ஹாலோகிராம் இருக்கும் துண்டுகளுக்கு உச்ச வெப்பத்தைக் குறைத்து நேரத்தைக் கொஞ்சம் நீட்டுவது நல்லது. பிளாஸ்டிசைசர் நகரும் வேகம் சூட்டோடு மிக வேகமாக ஏறும்.

கார் முன்கண்ணாடிக்கு இன்னொரு தலைவலி, வளைவு. ஒரே திசையில் வளைந்த கண்ணாடியின் மேல் பிலிம் ஒழுங்காக உட்காரும். நீளம், அகலம் என இரண்டு திசையிலும் வளைந்த கண்ணாடியில் உட்காராது. பலூன் மேல் காகிதம் ஒட்டிப் பாருங்கள், ஓரத்தில் சுருக்கம் விழும். வெப்பம் தடுக்கும் உலோகப்பூச்சு பெட் பிலிம்களை முன்கண்ணாடிக்குள் வைத்தவர்கள் இதே சுருக்கத்தோடு போராடியவர்கள்தான். ஹாலோகிராமில் கூடுதல் வம்பு: பிலிமை இழுத்து உட்கார வைத்தால் அடுக்குகளின் இடைவெளியும் சாய்வும் சேர்ந்து மாறும். அதனால் பிலிமை முழுக் கண்ணாடிக்கும் பரப்பாமல் தேவையான இடத்தில் மட்டும் வைக்க விரும்புவார்கள். அப்போது பிலிம் முடியும் ஓரம் கண்ணுக்குக் கோடாகத் தெரியும். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று.

இவ்வளவு பாடு எதற்கு? சாதாரண ஹெட்-அப் திரையில் படம் கண்ணாடியின் உள்மேற்பரப்பிலும் வெளிமேற்பரப்பிலும் பிரதிபலித்து இரட்டையாகத் தெரியும். அதைச் சரிக்கட்ட ஒரு பக்கம் சற்றுத் தடித்த ஆப்பு வடிவ பிவிபி போடுகிறார்கள். மேலும் கண்ணாடியை வெறும் முகக்கண்ணாடியாகத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், பெரிய படம் வேண்டுமென்றால் டேஷ்போர்டுக்குள் 10 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் பெட்டி வேண்டும். ஹாலோகிராம் ஒளியை எந்தக் கோணத்திலிருந்து வாங்கி எந்தக் கோணத்தில் அனுப்ப வேண்டும் என்று நாம் சொல்லிவைக்கலாம். பெட்டி சிறுக்கும், கண்ணாடியின் சொந்தப் பிரதிபலிப்பு வேறு பக்கம் போய்விடும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோபிஸும் ஜெர்மனியின் ஸைஸும் இதற்குக் கைகோத்தன. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் கியா இவி9 காரில் முழு அகலத்துக்கும் காட்டினார்கள், 2027-இல் உற்பத்தி என்பது அப்போது அவர்கள் சொன்ன இலக்கு. பிஎம்டபிள்யூவின் புதிய கார்களில் முன்கண்ணாடியின் அடியில் அகலமாக ஓடும் திரையையும் பலர் ஹாலோகிராம் என்று எழுதுகிறார்கள். அது கறுப்புப் பட்டையின் மேல் விழும் சாதாரணப் பிரதிபலிப்பு.

சோதனையில் யாரும் சலுகை தர மாட்டார்கள். முன்கண்ணாடியில் 70 சதவீத ஒளி ஊடுருவ வேண்டும் என்ற விதி ஹாலோகிராம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். 2.26 கிலோ இரும்புப் பந்து 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது, பிலிம் இருக்கும் இடமும் மற்ற இடம் போலவே பிடித்து நிற்க வேண்டும். கொதிநீரில் இரண்டு மணி நேரம், ஈரச் சூட்டில் இரண்டு வாரம், புற ஊதா விளக்கின் கீழ் என்று வரிசையாக உண்டு. இவற்றோடு நம் பங்குக்கு ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் நிறப்பட்டை எங்கே நிற்கிறது என்று குறித்துவைக்க வேண்டும். வெயிலையும் மறக்கக்கூடாது. தாழ்ந்த சூரியன் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்தால் ஹாலோகிராம் அதையும் விசுவாசமாக ஓட்டுநர் கண்ணுக்குத் திருப்பிவிடும். இதை ஆய்வகத்தில் பார்க்க மறந்து சாலையில் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

உங்கள் வேலைக்கு வருகிறேன். ஈவா அடுப்பு இருப்பது உங்களுக்கு ஒரு வகையில் நல்லது, பிளாஸ்டிசைசர் தொல்லை இல்லை. பருமன் ஹாலோகிராம் பிலிம் கிடைத்தால், அதைத் தயாரித்தவர் முழுமையாகக் கெட்டிப்படுத்தி விட்டாரா என்று முதலில் கேளுங்கள். கெட்டிப்படாத பிலிம் உங்கள் பட்டறை வெளிச்சத்திலேயே வீணாகிவிடும். ஆனால் ஈவாவைக் கெட்டிப்படுத்த அதில் கலந்து வரும் பெராக்சைடு அந்தப் படலத்தை என்ன செய்யும் என்பதை ஒரு சிறு துண்டில் பார்க்காமல் முழு ஷீட்டில் இறங்காதீர்கள். 10 க்கு 10 செ.மீ. துண்டு ஆறு செய்யுங்கள். வெப்பத்தை 110-லிருந்து ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வொன்றையும் ஒரே விளக்கின் கீழ் ஒரே கோணத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். கோணம் மாறினாலே நிறம் மாறும், அதை வெப்பத்தின் வேலை என்று நினைத்து ஏமாந்துவிடக்கூடாது. குறைந்த வெப்பத்தில் ஈவா முழுமையாகக் கெட்டிப்பட்டதா என்பதையும் ஓரத்தை உரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிலிமைக் கண்ணாடி ஓரத்திலிருந்து 10–15 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள், சுற்றிலும் ஈவா ஈவாவோடு ஒட்டட்டும். அலுமினியப் பூச்சு பிலிம் என்றால் இது கட்டாயம். ஓரத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் கறுத்து உள்நோக்கி அரித்துக்கொண்டே வரும். அது போக, பூச்சுக்கும் பிலிமுக்கும் இடையே உள்ள ஒட்டு மிகப் பலவீனமானது. அப்படிப்பட்ட கண்ணாடியைத் தலைக்கு மேலே கூரையாகவோ மாடிப்படிக் கைப்பிடியாகவோ கேட்டால், உடைத்துச் சோதித்துப் பார்க்காமல் பில்லில் பாதுகாப்புக் கண்ணாடி என்று எழுதாதீர்கள். ஷோரூம் தடுப்புச் சுவர் என்றால் பிலிமுக்கு வெளியே, ஆட்கள் மோதும் பக்கத்தில், டஃபன்டு கண்ணாடி போட்டுவிடுங்கள்.